ஏழாவது பேங்க்: ஆப்பர்ச்சுனிட்டி ரோவரின் ஃபிளாஷ் கோளாறு, 2014–2015

மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் ஃபிளாஷ் மெமரியில் பிளாக்குகள் (சேர்ந்தாற்போல அழிக்கப்படும் பகுதிகள்) கெட்டுப்போவது புதிய விஷயம் இல்லை. கருவிகளுக்குள் பொதிந்த கணினிகளைக் கட்டும் எம்பெடெட் வேலையில் இருக்கிறவர்களுக்கு அது தினசரிச் சங்கதி. போர்டைக் கழற்றி, சிப்பைப் படித்து, சரிப்படாவிட்டால் மாற்றிவிட்டுப் போய்விடுவோம். போர்டு கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு, செவ்வாயில் ஓடிய நாசாவின் ஆப்பர்ச்சுனிட்டி ரோவரைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. கோளாறு முழுதாகத் தீரவில்லை என்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டேன். தீராத பழுதை வைத்துக்கொண்டு வண்டியை எப்படி ஓட்டினார்கள் என்பதில்தான் நமக்குப் பயன் இருக்கிறது.

பின்னணி

ஆப்பர்ச்சுனிட்டி 2004 ஜனவரி 25 அன்று செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் இறங்கியது. திட்டமிட்ட ஆயுள் 90 செவ்வாய் நாட்கள். 2014-ல் அது பத்து வருடத்தைத் தாண்டி, எண்டெவர் என்ற பெரிய பள்ளத்தின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த வருடம் ஜூலையில்தான் சோவியத் நாட்டின் லூனகோட் 2 நிலவில் ஓடிய தூரத்தைக் கடந்து, பூமிக்கு வெளியே அதிகத் தூரம் ஓடிய வண்டி என்ற இடத்தைப் பிடித்தது.

கணினியின் அளவைப் பார்த்தால் இன்றைக்குச் சிரிப்பு வரும். 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ராட்6000 செயலி, 128 எம்பி ரேம், 256 எம்பி ஃபிளாஷ், மின்சாரம் போனாலும் அழியாத இன்னொரு நினைவகமான ஈஈப்ராம் 3 எம்பி. இயங்குதளம் விஎக்ஸ்வொர்க்ஸ். ஃபிளாஷ் ஏழு பேங்குகளாக, அதாவது பல பிளாக்குகள் கொண்ட ஏழு பெரிய பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. படங்கள், கருவிகளின் அளவீடுகள், வண்டியின் உடல்நிலைத் தகவல்கள் எல்லாம் அங்கே போய்ச் சேரும். பிறகு செவ்வாயைச் சுற்றும் விண்கலங்கள் தலைக்கு மேல் வரும்போது அவற்றின் வழியாகப் பூமிக்கு அனுப்பப்படும்.

இந்த வண்டிக்கு ஃபிளாஷ் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ராத்திரியில் கணினி அணைந்துவிடும். சூரிய மின்சாரத்தை நம்பி ஓடும் வண்டி அது. போதாததற்கு ரோபோக் கையின் தோள் மூட்டில் இருந்த ஒரு ஹீட்டர், இறங்கிய நாளிலிருந்தே அணைய மறுத்தது. அது பேட்டரியைத் தின்றுவிடாமல் இருக்க, இரவில் ஏறக்குறைய எல்லாச் சுற்றுகளையும் துண்டிக்கும் ஆழ்துயில் முறைக்குக் குழு போக வேண்டியிருந்தது. மின்சாரம் போனால் ரேமில் இருப்பது போய்விடும். ஃபிளாஷில் இருப்பது மட்டும் காலை வரை நிற்கும்.

முன்கதை: அதே அறிகுறி, வேறு காரணம்

இரட்டை ரோவரான ஸ்பிரிட், இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2004 ஜனவரி 21 அன்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. கணினி ரீசெட் ஆகும் (தானே நின்று திரும்பத் தொடங்கும்), மீண்டும் எழும், மீண்டும் ரீசெட் ஆகும். இப்படி 60 தடவைக்கு மேல். இரவில் தூங்க வேண்டிய கணினி தூங்காமல் பேட்டரியைக் காலி செய்துகொண்டிருந்தது. ஃபிளாஷ் சிப் போய்விட்டது என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். சிப்பில் பழுதே இல்லை. ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் ஃபைல் சிஸ்டம் அவற்றின் பட்டியலை ரேமில் ஒரு பிரதியாக வைத்திருந்தது. பயணக் காலத்திலிருந்து சேர்ந்த ஃபைல்கள் பெருகப் பெருக அந்தப் பட்டியலும் பெருத்து, ஒதுக்கிய ரேம் போதாமல் போனது. ஃபிளாஷை மவுண்ட் செய்யும்போது (பயன்பாட்டுக்குத் திறக்கும்போது) இடம் இல்லை, உடனே ரீசெட். எழுந்ததும் திரும்ப மவுண்ட், திரும்ப ரீசெட்.

ஃபிளாஷைத் தொடாமல், ரேமிலேயே ஒரு தற்காலிக ஃபைல் சிஸ்டம் அமைத்து எழும் முறை ஒன்று மென்பொருளில் இருந்தது. கட்டளை அனுப்பி அந்த முறைக்கு மாற்றினார்கள், ஸ்பிரிட் அடங்கியது. பிப்ரவரி தொடக்கத்தில் ஃபிளாஷை ஃபார்மேட் செய்து, அதாவது முழுதாக அழித்துப் புதிதாக அமைத்து, சரிசெய்தார்கள். பத்து வருடம் கழித்து ஆப்பர்ச்சுனிட்டியைத் தூக்கி நிறுத்தியதும் இதே மாற்று வழிதான்.

2009-ல் ஸ்பிரிட்டுக்கு மறதி வந்தது. காலையில் எழும், நேற்றுச் சேமித்தது எதுவும் இருக்காது. அப்போதும் ஃபார்மேட் செய்தார்கள். ஆக, 2014-ல் ஆப்பர்ச்சுனிட்டிக்கு நோய் வந்தபோது குழுவிடம் ஏற்கெனவே ஒரு மருந்து இருந்தது.

2014 ஆகஸ்ட்: தென்பட்டது என்ன

ஆகஸ்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு டஜன் ரீசெட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் மீட்க ஓரிரு நாள் ஆகும். ரீசெட் ஆனதும் அன்றைய வேலைப் பட்டியலை ரோவர் நிறுத்திவிடும், பூமியிலிருந்து உத்தரவு வரும் வரை சும்மா இருக்கும். கட்டளை போய்ச் சேரப் பதினோரு நிமிடம், பதில் வர இன்னொரு பதினோரு நிமிடம். அதுகூடப் பெரிதில்லை. கட்டளை அனுப்பும் நேரமும் விண்கலம் கடந்துபோகும் நேரமும் அமைய வேண்டும், அதனால்தான் ஒரு ரீசெட் ஒரு நாளை விழுங்கியது. மாதத்துக்கு ஒரு டஜன் என்றால், ஆராய்ச்சிக்கு நாளே மிஞ்சாது.

அறிகுறிகள் இரண்டு வகை. ஒன்று மறதி: எழும்போது ஃபிளாஷை மவுண்ட் செய்ய முடியவில்லை என்றால், மென்பொருள் தானாகவே ரேமுக்கு மாறிக்கொள்ளும். பகல் முழுக்க வேலை ஒழுங்காக நடக்கும். சாயங்காலம் கணினி அணையும்போது, அனுப்பாமல் விட்டது அத்தனையும் போய்விடும். இன்னொன்று ரீசெட்: ஃபிளாஷ் மவுண்ட் ஆகியிருக்கும், எழுதப் போகும்போது பிரச்சினை வரும், மென்பொருள் கணினியைத் திரும்பத் தொடங்க வைத்துவிடும்.

என் பார்வையில் மறதிதான் குறைந்த தீங்கு. தகவல் போகும், வண்டி போகாது. ரீசெட்டில் தகவலும் போகும், நாளும் போகும், எதிர்பாராத நிலையில் வண்டி நின்றுவிடும். ஒரே சிப்பின் பழுது, மென்பொருள் எந்த இடத்தில் அதைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்து இவ்வளவு வேறுபட்ட விளைவைத் தந்தது.

சந்தேகம் ஏன் செல்களின் மேல் விழுந்தது

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. ஃபிளாஷில் தகவல், செல் எனப்படும் மின்கடத்தாப் படலம் சூழ்ந்த சின்ன இடத்தில் சிறைப்பட்ட எலக்ட்ரான்களாக இருக்கிறது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்களை அந்த மெல்லிய ஆக்சைடு வழியாக வலுக்கட்டாயமாகத் தள்ளுகிறோம். ஆக்சைடு மெல்ல மெல்லத் தேய்கிறது. எழுதும்போது ஒன்றைச் சுழியமாக்கலாம். சுழியத்தைத் திரும்ப ஒன்றாக்க வேண்டுமானால் பிளாக் முழுவதையும் அழிக்க வேண்டும். அதனால் தேய்மானத்தின் கணக்கு பிளாக் கணக்குதான், பழுதின் கணக்கும் அப்படித்தான்.

ஃபிளாஷில் பரவலாகப் பயன்படும் நாண்ட் வகைச் சிப்பைப் புதிதாக வாங்கினால்கூட, சில பிளாக்குகள் கெட்டே வரும். 1,024 பிளாக் கொண்ட பழைய சிப்களில் 1,004 நல்ல பிளாக் இருந்தால் போதும் என்று விவரத்தாளிலேயே எழுதியிருப்பார்கள். கெட்ட பிளாக்கின் முதல் பக்கத்தில், தகவல் பகுதிக்கு வெளியே இருக்கும் உபரி பைட்டுகளில் ஒன்றில், எஃப்எஃப் (எல்லா பிட்டும் ஒன்று) அல்லாத ஒரு மதிப்பைத் தொழிற்சாலை எழுதி வைத்திருக்கும். அதைப் படித்துத்தான் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், கெட்ட பிளாக்குகளின் பட்டியலான பேட் பிளாக் டேபிளைக் கட்டுகிறது. ஓட ஓட மேலும் சில பிளாக்குகள் சாகும். எழுதியோ அழித்தோ முடித்தபின் சிப்பிடம் 70 ஹெக்ஸ் கட்டளை கொடுத்து நிலையைக் கேட்டால், கடைசி பிட் ஒன்றாக இருக்கும். வேலை தோற்றது என்று பொருள். உடனே அந்த பிளாக்கை டேபிளில் சேர்த்துவிட்டு, கையிருப்பில் இருக்கும் வேறு பிளாக்குக்குத் தகவலை மாற்ற வேண்டும்.

இது ஒழுங்காகச் சாகும் பிளாக்கின் கதை. தான் செத்துவிட்டதாகத் தானே சொல்லிவிடும் பிளாக் அது. நம்மைத் தூங்கவிடாமல் செய்வது அரைகுறை பிளாக். அழித்ததும் எல்லாம் எஃப்எஃப் என்று காட்டும், எழுதினால் தேர்ச்சி என்று சொல்லும், இரண்டு நாள் கழித்துப் படித்தால் பிழைதிருத்தக் குறியீடான ஈசிசி சரிசெய்யக்கூடிய அளவைத் தாண்டிப் பிழை இருக்கும். சோதனை நாளில் நல்ல பிள்ளை, அப்புறம் பழைய குணம்.

ஆப்பர்ச்சுனிட்டியின் ஃபிளாஷ் பத்து வருடம் தினமும் எழுதி, தினமும் அழித்து ஓடியது. 90 நாளுக்குக் கணக்குப் போட்ட வண்டி. அதனால் தேய்ந்த செல்கள்தான் காரணம் என்று குழு முதலில் சந்தேகித்ததில் வியப்பில்லை.

முதல் முடிவு: முழு ஃபார்மேட்

ஃபார்மேட் செய்தால் எல்லா பிளாக்கும் அழிக்கப்படும், மோசமானவை அடையாளம் காணப்பட்டு ஒதுக்கப்படும். அவர்கள் எதிர்பார்த்தது இதுதான். வண்டி 20 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது அதன் சேமிப்பகத்தை முழுதாகத் துடைப்பது பயங்கரமாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்து குறைவு என்றே மதிப்பிட்டார்கள். காரணம், ரோவரை இயக்கும் மென்பொருளும் முக்கியக் கட்டளைத் தொகுப்புகளும் இந்த ஃபிளாஷில் இல்லை. மின்சாரம் போனாலும் அழியாத வேறொரு நினைவகத்தில் இருந்தன. ஃபார்மேட் பாதியில் தோற்றாலும் வண்டி எழும், பேசும்.

தயாரிப்பாக மூன்று காரியம் செய்தார்கள். ஃபிளாஷில் பயனுள்ளதாக இருந்த எல்லாவற்றையும் பூமிக்கு இறக்கினார்கள். ஃபிளாஷைத் தொடாத இயக்க முறைக்கு வண்டியை மாற்றினார்கள். தகவல்தொடர்பை மெதுவான வேகத்துக்குக் குறைத்தார்கள், இடையில் ரீசெட் வந்தாலும் இணைப்பு தாங்கும் என்பதற்காக. இந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சேமிப்பகத்தைத் தொடும் வேலைக்கு முன் பேசும் இணைப்பை உறுதிப்படுத்துவது யாருக்கும் சட்டென்று தோன்றாது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஃபார்மேட் வெற்றிகரமாக முடிந்தது.

டிசம்பர்: மருந்து போதவில்லை

நிம்மதி நிலைக்கவில்லை. மறதி திரும்ப வந்தது, ரீசெட்டும் வந்தது. இதை ஃபார்மேட்டின் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஃபார்மேட் ஒரு சோதனையும்கூட. பரவலாகச் சிதறிய தேய்ந்த செல்கள் மட்டுமே காரணம் என்றால், ஒதுக்கிய பிறகு நிலைமை வெகுநாள் சீராக இருந்திருக்க வேண்டும். இல்லை என்றால், ஒதுக்கும் வழிமுறை பிடிக்க முடியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

குழு ஆராய்ந்ததில், பிரச்சினையில் ஒரு பகுதி ஏழாவது பேங்கில் போய் நின்றது. பிளாக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த பழுது இப்போது பேங்க் கணக்குக்கு வந்துவிட்டது. ஒரு பேங்க் ஒட்டுமொத்தமாகத் தடுமாறினால் பேட் பிளாக் டேபிள் உதவாது. டேபிள் என்பது நல்ல வீட்டில் கூரையின் உடைந்த ஓடுகளை மாற்றுவது மாதிரி, சுவரே சாயும்போது ஓடு மாற்றிப் பயனில்லை.

டிசம்பரில் ஃபிளாஷைப் பயன்படுத்துவதையே நிறுத்தினார்கள். ஏழாவது பேங்கைத் தவிர்க்கும் மென்பொருளை எழுதிச் சோதிக்க நேரம் வேண்டும். அதுவரை ரீசெட்டுகளோடு மல்லுக்கட்டுவதைவிட, வசதி குறைந்தாலும் நம்பத்தக்க முறையில் ஓட்டுவது மேல் என்று முடிவு.

ஃபிளாஷ் இல்லாத மூன்று மாதம்

ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். காலையில் சூரிய மின்பலகையில் வெயில் விழுகிறது, கணினி எழுகிறது. சேமிப்பகமாக ரேமில் ஒரு துண்டு ஒதுக்கப்படுகிறது, அது முற்றிலும் காலி. வண்டி ஓடுகிறது, படம் எடுக்கிறது. எல்லாம் அந்தத் துண்டில் சேர்கிறது. பிற்பகலில் விண்கலம் கடந்துபோகும் சில நிமிடங்களுக்குள் முக்கியமானது எல்லாம் மேலே போய்விட வேண்டும். அப்புறம் கணினி அணைகிறது. மிச்சம் இருந்தது இல்லாமல் போகிறது.

அதாவது, எவ்வளவு படம் எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இனி நினைவகத்தின் அளவு அல்ல, அன்றைய தொடர்பு நேரத்தில் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதுதான். அனுப்ப முடியாததை எடுத்துப் பயனில்லை. விண்கலம் கடந்த பிறகு எடுப்பதும் வீண். திட்டமிடுபவர்கள் ஒவ்வொரு நாளையும் தனி நாளாக, நேற்றின் பாக்கி இல்லாமல் போட வேண்டியிருந்தது.

இந்த நிலையிலும் வண்டி நிற்கவில்லை. 2015 ஜனவரியில் பள்ளத்தின் விளிம்பில் கேப் டிரிபுலேஷன் என்ற மேட்டின் உச்சிக்கு ஏறியது. பிறகு மாரத்தான் பள்ளத்தாக்கு நோக்கி இறங்கியது.

இரண்டாவது முடிவு: பேங்கை மறைப்பது

மார்ச் மாதம் புதிய மென்பொருளுக்கு மாறினார்கள். அதன்படி ரோவரின் கண்ணுக்கு ஆறு பேங்குகள் மட்டுமே தெரியும். ஏழில் ஒரு பங்கு இடம் போகும். போகட்டும் என்று விட்டார்கள். 90 நாள் பணிக்கு வைத்த இடம் அது, மூன்று மாதம் இடமே இல்லாமல் ஓட்டியவர்களுக்கு ஏழில் ஆறு பங்கு தாராளம். ஆறு பேங்குகளையும் ஃபார்மேட் செய்தார்கள். வெற்றி என்ற செய்தி மார்ச் 20 அன்று வந்து சேர்ந்தது.

கவனிக்க வேண்டியது, அதற்கு அப்புறமும் அவர்கள் ஃபிளாஷை முழுதாக நம்பவில்லை. முக்கியமான தகவல் அன்றன்றைக்கே போய்விட வேண்டும். அவசரமில்லாத, போனாலும் பரவாயில்லை என்ற தகவலை மட்டும் ஃபிளாஷில் போட்டு வைக்கலாம். சரிசெய்த பாகத்துக்கு உடனே பழைய பொறுப்பைக் கொடுக்காமல், தாங்கக்கூடிய வேலையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள்.

விளைவு

சில நாட்களிலேயே மறதி மீண்டும் தலைகாட்டியது. ஏழாவது பேங்கை மறைத்த பிறகும் வந்தது என்பதுதான் புதிர். நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் சந்தேகப் பட்டியலைச் செல்களைத் தாண்டி நீட்டியிருப்பேன்: மற்ற பேங்குகளில் இருக்கும் அரைகுறை பிளாக்குகள், எல்லா பேங்குக்கும் பொதுவான கட்டுப்பாட்டுச் சுற்று, எழும் நேரத்து மின்னழுத்தம், வெப்பத்தால் விரிந்து சுருங்கும் பற்றவைப்புகள். ஏறக்குறைய 3,900 செவ்வாய் நாட்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குளிர், ஒரு சூடு. பேங்கைக் கையால் தொட முடியாதபோது இவற்றைப் பிரித்தறிவது மிகக் கடினம்.

மார்ச் 24 அன்று ரோவர் 42.195 கிலோமீட்டர் என்ற மாரத்தான் தூரத்தைக் கடந்தது. பிற்பாடு குழு ரேம் மட்டும் பயன்படுத்தும் முறைக்கே திரும்பியது, அதுவே வழக்கமான இயக்கமாக நிலைத்தது. 2018 ஜூனில் செவ்வாயைச் சூழ்ந்த தூசிப் புயலில் வெளிச்சம் இல்லாமல் பேட்டரி தீர்ந்து வண்டி மௌனமானது, ஜூன் 10-க்குப் பிறகு பேச்சில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று பணி முடிந்ததாக நாசா அறிவித்தது. மொத்தம் ஓடியது 45.16 கிலோமீட்டர். வண்டியை முடித்தது புயல், ஃபிளாஷ் இல்லை.

நம் வடிவமைப்பில் என்ன மாற்றலாம்

நான் முதலில் மாற்றுவது ஒதுக்கும் அளவை. பெரும்பாலான டிரைவர்களுக்கு பிளாக்கை மட்டும்தான் ஒதுக்கத் தெரியும். சிப், பேங்க் என்ற மட்டத்தில் ஒன்றைக் கழற்றிவிடும் வழி இருக்காது. ரோவரில்கூட அதற்குப் புதிய மென்பொருள் தேவைப்பட்டது. இதைத் தொடக்கத்திலேயே, பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்பு எண்ணாக வைத்துவிட்டால், பழுது வரும் நாளில் ஒரு கட்டளையோடு வேலை முடியும். களத்தில் நூற்றுக்கணக்கான கருவிகளைப் போட்டுவிட்டு அவற்றின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மவுண்ட் தோற்றால் ரீசெட் என்ற பழக்கத்தையும் விட வேண்டும். அது ஸ்பிரிட்டை 60 தடவை சுற்றவிட்டது. ஒரு தடவை தோற்றால் திரும்ப முயலலாம். தொடர்ந்து தோற்றால் சேமிப்பகம் இல்லாமல் எழுந்து, ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லத் தெரிய வேண்டும். எழுதும்போது வரும் பிழைக்கும் இதே விதிதான். கணினியை எழுப்பும் பூட் மென்பொருளைத் தகவல் ஃபிளாஷிலேயே வைத்துச் செலவை மிச்சப்படுத்தும் போர்டுகளில் இப்படி எழ முடியாது. அங்கே குறைந்தது ஒரு சின்ன நார் (ஃபிளாஷின் இன்னொரு வகை) சிப்பாவது தனியாக வேண்டும்.

ஃபார்மேட் பற்றி ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலை போட்ட அடையாளத்தைப் படிக்காமல் எல்லா பிளாக்கையும் கண்மூடித்தனமாக அழித்தால், அந்த அடையாளமும் சேர்ந்து போய்விடும், திரும்பக் கண்டுபிடிக்க வழி கிடையாது. யூ-பூட் என்ற பூட் மென்பொருளில், அடையாளத்தைப் பார்க்காமல் அழிக்கும் ஸ்கிரப் கட்டளை கொடுத்தால் அது உறுதி கேட்பது இதனால்தான். அழிப்பதற்கு முன் டேபிளைப் பிரதியெடுத்து வெளியே வைக்க வேண்டும்.

ஈசிசி எத்தனை பிட் திருத்தியது, எந்த முகவரியில் என்ற எண்ணிக்கையைத் தினமும் வெளியே அனுப்ப வேண்டும். திருத்தப்பட்ட பிழையை டிரைவர் விழுங்கிவிட்டால், அரைகுறை பிளாக்குகள் கடைசி நாள் வரை வெளியே தெரியாது. லினக்ஸில் ஃபிளாஷை நிர்வகிக்கும் யூபிஐ அடுக்கு இந்த இடத்தில் உதவும். திருத்தப்பட்ட பிழை குறிப்பிட்ட அளவை எட்டியதுமே தகவலை வேறு பிளாக்குக்கு நகர்த்திவிட்டு, பழையதை எழுதிப் படித்துச் சோதிக்கும். கெட்டுப்போவதற்காக 1,024 பிளாக்குக்கு 20 என்ற கணக்கில் கையிருப்பும் வைத்திருக்கும்.

கடைசியாக, சேமிப்பகம் இல்லாமல் ஓடும் முறையை வேலைமேசையில் ஒரு வாரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கம்பியைத் துண்டித்துவிட்டு, சாதனம் எழுகிறதா, நெட்வொர்க் வருகிறதா, அன்றைய தகவல் போகிறதா, ரேம் நிரம்பும்போது எதைத் தூக்கி எறிகிறது என்று குறித்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் நெட்வொர்க்கின் கடவுச்சாவி ஃபிளாஷில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.